அழகுப் புதர்ச்செடிகளின் திசு வளர்ப்பு

அழகுப் புதர்ச்செடிகளின் திசு வளர்ப்பு என்பது ரோஜா, செம்பருத்தி, மல்லிகை, காகிதப்பூ போன்று அழகுக்காகவும் மலருக்காகவும் வளர்க்கப்படும் புதர்ச்செடிகளின் சிறு பகுதியொன்றை எடுத்து, நுண்ணுயிர்கள் நீக்கப்பட்ட குடுவையில், ஊட்டப்பொருள்கள் கலந்த ஊடகத்தில் வளர்த்து, தாய்ச்செடியை ஒத்த பல செடிகளை உருவாக்கும் முறையாகும். இது நுண்பெருக்கம் எனவும் அழைக்கப்படுகிறது. இலங்கைத் தமிழ் வழக்கில் இதனை இழைய வளர்ப்பு என்பர்.

புதர்ச்செடிகள் நெடுங்காலமாகத் தண்டுத் துண்டு நடுதல், பதியமிடுதல், மொட்டுக்கட்டுதல் ஆகிய முறைகளிலேயே பெருக்கப்பட்டு வந்துள்ளன. இன்றும் பெரும்பாலான புதர்களுக்கு இவையே மலிவான வழிகளாக உள்ளன. தண்டுத் துண்டு எளிதில் வேர்விடாத இனங்களுக்கும், நச்சுயிரி தாக்கிய வகைகளைத் தூய்மைப்படுத்துவதற்கும், புதிதாக உருவாக்கப்பட்ட ஒரு வகையைக் குறுகிய காலத்தில் பெருக்குவதற்கும் திசு வளர்ப்பு தேவைப்படுகிறது.

அடிப்படை

தாவரத்தின் உயிருள்ள உயிரணு ஒவ்வொன்றும், தக்க சூழல் அமையுமானால், ஒரு முழுத் தாவரமாக வளரும் ஆற்றலைத் தன்னுள் கொண்டுள்ளது. இவ்வாற்றல் முழு ஆக்குத்திறன் எனப்படுகிறது. திசு வளர்ப்புக்கென எடுக்கப்படும் செடிப் பகுதி பிரிகூறு எனப்படும். புதர்ச்செடிகளில் பெரும்பாலும் தண்டின் நுனியோ, பக்கமொட்டுடன் கூடிய கணுத்துண்டோ பிரிகூறாகக் கொள்ளப்படுகின்றது.

பிரிகூறிலிருந்து தண்டுகளைப் பெற இரு வழிகள் உள்ளன.

* ஏற்கனவே அமைந்துள்ள மொட்டுகளை வளரச் செய்தல். கணுவிலுள்ள பக்கமொட்டு நுனிமொட்டின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டுக் கிளைக்கிறது. தோன்றும் தண்டுகள் பெரும்பாலும் தாய்ச்செடியின் இயல்பைப் பிசகாமல் கொண்டிருக்கும்.
* புதிதாக மொட்டுகளைத் தோற்றுவித்தல். இலை, தண்டு ஆகியவற்றின் துண்டுகளில் இருந்து நேரடியாகவோ, காலஸ் எனப்படும் வடிவமற்ற உயிரணுத் திரளின் வழியாகவோ மொட்டுகள் தோன்றுகின்றன. விரைவாகப் பெருகினும் இயல்பு மாறுபட்ட செடிகள் தோன்றும் வாய்ப்பு இதில் மிகுதி.

வணிக நோக்கில் செடிகளைப் பெருக்குவோர் முதல் வழியையே விரும்புகின்றனர்.

வரலாறு

ஆஸ்திரியத் தாவரவியலாளரான காட்லீப் ஹேபர்லாண்ட் 1902-இல், தாவர உயிரணுக்களைத் தனித்துப் பிரித்து ஊட்டக் கரைசலில் வளர்க்க முடியும் என்ற கருத்தை முன்வைத்தார். அவருடைய சோதனைகளில் உயிரணுக்கள் பிளவுறவில்லை எனினும், பின்வந்த ஆய்வுகளுக்கு அக்கருத்தே வித்திட்டது. 1934-இல் பிலிப் ஒயிட் தக்காளி வேரைக் குடுவையில் தொடர்ந்து வளர்த்துக் காட்டினார். 1939-இல் ஒயிட், கோத்ரே, நோபேகூர் ஆகிய மூவரும் தனித்தனியே காலஸ் திசுவை நீண்டகாலம் வளர்ப்பதில் வெற்றி கண்டனர்.

பிரான்சு நாட்டின் ஜார்ஜ் மோரல், மார்ட்டின் ஆகியோர் 1952-இல் நச்சுயிரி தாக்கிய டேலியாச் செடியின் வளர்நுனியிலிருந்து நோயற்ற செடிகளைப் பெற்றனர். அழகுச் செடிகளின் வரலாற்றில் இது முதன்மையான நிகழ்வாகும். மோரல் 1960-இல் இம்முறையை ஆர்க்கிட் செடிகளுக்கும் பயன்படுத்தினார்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபோல்க் ஸ்கூக் தலைமையிலான குழு 1955-இல் கைனெட்டின் என்னும் வளர்ச்சிப் பொருளைக் கண்டறிந்தது. 1957-இல் ஸ்கூக்கும் மில்லரும், ஆக்சின், சைட்டோகைனின் ஆகிய இரு வளரூக்கிகளின் விகிதமே வேர் தோன்றுமா தண்டு தோன்றுமா என்பதைத் தீர்மானிக்கிறது என நிறுவினர். ஆக்சின் மிகுந்தால் வேரும், சைட்டோகைனின் மிகுந்தால் தண்டும், இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருந்தால் காலசும் உருவாகின்றன. 1962-இல் தோஷியோ முராசிகேயும் ஸ்கூக்கும் புகையிலைத் திசுவுக்கென வகுத்த ஊடகம் இன்று உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது.

இந்தியாவில் இத்துறைக்குத் தில்லிப் பல்கலைக்கழகம் வழிகாட்டியது. அங்கு சிப்ரா குஹாவும் சதீஷ் சந்திர மகேஸ்வரியும் 1964-இல் ஊமத்தையின் மகரந்தப் பையை வளர்த்து ஒற்றைமயக் கருக்களைப் பெற்றனர். உலக அளவில் இதுவே இவ்வகையில் முதற் சாதனையாகும்.

கால்மியா: புதர்களுக்கெனப் பிறந்த ஊடகம்

முராசிகே-ஸ்கூக் ஊடகம் மென்தண்டுச் செடியான புகையிலைக்கென அமைக்கப்பட்டது. அதில் உப்புகளின் செறிவு, குறிப்பாக நைட்ரஜன் உப்புகளின் செறிவு, மிகுதி. கட்டைத்தன்மையுள்ள தண்டுகளைக் கொண்ட பல புதர்கள் அதில் செழிப்பதில்லை. இலைகள் வெளிறுவதும் தண்டு நுனி கருகுவதும் காணப்பட்டன.

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வளரும் கால்மியா லாட்டிஃபோலியா என்னும் பசும்புதர் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். கொத்துக் கொத்தாகப் பூக்கும் இது கனெக்டிகட், பென்சில்வேனியா ஆகிய மாநிலங்களின் மாநில மலர். இதன் தண்டுத் துண்டுகள் எளிதில் வேர்விடுவதில்லை. விதையிலிருந்து வளர்ந்த செடிகளோ பூக்கப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்வதுடன் தாயின் நிறத்தையும் அப்படியே பெறுவதில்லை. ஆகவே, தேர்ந்தெடுத்த நிறமுள்ள வகைகள் இருந்தும் அவற்றைத் தோட்டங்களுக்கு வழங்க இயலாத நிலை இருந்தது.

1980-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லாய்டு, மெக்கவுன் ஆகிய இருவரும் கால்மியாவின் தண்டு நுனிகளை வளர்ப்பதற்கெனப் புதிய ஊடகம் ஒன்றை வெளியிட்டனர். இது கட்டைத்தாவர ஊடகம் என வழங்குகிறது. முராசிகே-ஸ்கூக் ஊடகத்தில் லிட்டருக்கு 1650 மில்லிகிராம் உள்ள அம்மோனியம் நைட்ரேட் இதில் 400 மில்லிகிராம் மட்டுமே. பொட்டாசியம் நைட்ரேட் நீக்கப்பட்டு, அதற்கு மாற்றாகப் பொட்டாசியம் சல்பேட்டும் கால்சியம் நைட்ரேட்டும் சேர்க்கப்பட்டன. இதன் பின்னர் கால்மியாவின் தேர்ந்த வகைகள் நாற்றங்கால்களில் பெருமளவில் கிடைக்கலாயின. இன்று ரோஜா உள்ளிட்ட பல புதர்களுக்கும் மரங்களுக்கும் இவ்வூடகமோ இதன் மாற்றுருக்களோ சோதிக்கப்படுகின்றன.

படிநிலைகள்

முராசிகே 1974-இல் நுண்பெருக்கத்தை மூன்று படிநிலைகளாகப் பிரித்தார். 1981-இல் டெபெர்க், மேனே ஆகியோர் தாய்ச்செடியை ஆயத்தம் செய்வதைத் தொடக்க நிலையாகச் சேர்த்தனர். வன்மையாக்குதலையும் சேர்த்து இன்று ஐந்து நிலைகளாகக் கூறுவது வழக்கம்.

1. தாய்ச்செடியை ஆயத்தம் செய்தல்

நோயற்ற, நன்கு பூக்கும் தாய்ச்செடி தேர்ந்தெடுக்கப்படுகிறது. சில வாரங்கள் கூரையின்கீழ் வைத்து, இலைகள் நனையாமல் வேரில் மட்டும் நீர் ஊற்றி வளர்த்தால் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் குறையும். கவாத்து செய்தபின் தோன்றும் இளந்தளிர்கள் முதிர்ந்த தண்டைவிட ஏற்றவை.

2. குடுவையில் நிலைநிறுத்தல்

கணுத்துண்டுகள் ஓடும் நீரில் கழுவப்பட்டு, 70 விழுக்காடு எத்தனாலில் சில நொடிகளும், பின்னர் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் சில நிமிடங்களும் வைக்கப்படுகின்றன. நுண்ணுயிரற்ற நீரில் பலமுறை அலசிய பின், சீரடுக்குக் காற்றுப்பாய்வு மேடையில் வைத்து ஊடகத்தில் நடப்படுகின்றன. சில ஆய்வகங்களில் 0.1 விழுக்காடு மெர்க்குரிக் குளோரைடும் பயன்படுத்தப்படுகிறது. இது கடும் நச்சாதலால் கழிவுநீரைத் தனியே சேகரித்து அகற்ற வேண்டும்.

புதர்ச்செடிகளில் இந்நிலையே பெரும் இடர்ப்பாடு. வெட்டிய இடத்திலிருந்து கசியும் பீனால் சேர்மங்கள் காற்றுபட்டுப் பழுப்பாகி, ஊடகத்தையும் பிரிகூறையும் கெடுக்கின்றன. இதனைத் தடுக்க அஸ்கார்பிக் அமிலம் அல்லது செறிவூட்டிய கரி சேர்க்கப்படுகிறது. நட்ட முதல் நாள்களில் பிரிகூறுகளைப் புதிய ஊடகத்துக்கு அடிக்கடி மாற்றுவதும் இருளில் வைப்பதும் பயன் தரும்.

3. பெருக்குதல்

பென்சைல் அடினின் போன்ற சைட்டோகைனின் சேர்த்த ஊடகத்தில் ஒவ்வொரு கணுவிலிருந்தும் பல தண்டுகள் தோன்றுகின்றன. நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை இவை பிரிக்கப்பட்டுப் புதிய ஊடகத்தில் நடப்படுகின்றன. வளர்ப்பு அறையின் வெப்பநிலை ஏறத்தாழ 25 பாகை செல்சியசாகவும், ஒளிக்காலம் நாளொன்றுக்கு 16 மணி நேரமாகவும் வைக்கப்படுகின்றன.

4. வேர்விடச் செய்தல்

உப்புகளின் அளவைப் பாதியாகக் குறைத்து, இண்டோல் பியூட்டிரிக் அமிலம் போன்ற ஆக்சினைச் சேர்த்த ஊடகத்திற்குத் தண்டுகள் மாற்றப்படுகின்றன. செலவைக் குறைக்கும் பொருட்டு, பல புதர்களில் இந்நிலையை ஆய்வகத்தில் செய்யாமல், தண்டுகளை ஆக்சினில் தோய்த்து நேரே தென்னை நார்க்கழிவில் நட்டு வேர்விடச் செய்வதும் உண்டு.

5. வன்மையாக்குதல்

குடுவையினுள் காற்றின் ஈரப்பதம் நூறு விழுக்காட்டை நெருங்கியிருக்கும். அங்கு வளர்ந்த இலைகளின் மேல் மெழுகுப் படலம் மெல்லியது. இலைத்துளைகளும் தேவையான நேரத்தில் மூடுவதில்லை. இச்செடிகளைத் திடீரென வெளியில் வைத்தால் சில மணி நேரத்தில் வாடிவிடும். எனவே வேரில் ஒட்டிய ஊடகத்தைக் கழுவி நீக்கி, முதலில் ஈரப்பதம் மிகுந்த பசுமைக்குடிலிலும், பின்னர் நிழல்வலையின் கீழும் வைத்து, நான்கு முதல் எட்டு வாரங்களில் படிப்படியாக வெளிச்சூழலுக்குப் பழக்க வேண்டும். கழுவாமல் விட்டால் ஊடகத்தின் சர்க்கரை பூஞ்சைகளை வளர்க்கும்.

வளர்ப்பு ஊடகம்

பொதுவாக ஒரு லிட்டர் ஊடகத்தில் பின்வருவன அடங்கும்.

* பேரூட்ட உப்புகளும் நுண்ணூட்ட உப்புகளும்
* தயாமின் முதலிய உயிர்ச்சத்துகள், மயோ இனோசிட்டால்
* சர்க்கரை: 20 முதல் 30 கிராம். குடுவையிலுள்ள செடி போதிய அளவு ஒளிச்சேர்க்கை செய்வதில்லை. ஆதலால் சர்க்கரை தேவை.
* அகார்: 6 முதல் 8 கிராம். கடற்பாசியிலிருந்து பெறப்படும் இது ஊடகத்தைக் கெட்டியாக்குகிறது.
* வளரூக்கிகள்: பெரும்பாலும் லிட்டருக்குச் சில மில்லிகிராமுக்கு உட்பட்ட அளவு

அமில-காரக் குறியீடு 5.6 முதல் 5.8 வரை அமையுமாறு சரிசெய்யப்பட்டு, தன்னழுத்தக் கலனில் 121 பாகை செல்சியசில் 15 முதல் 20 நிமிடங்கள் வைத்து நுண்ணுயிர் நீக்கம் செய்யப்படுகிறது.

பெருக்க விகிதம்

திசு வளர்ப்பின் ஆற்றலைப் பின்வரும் எளிய கணக்கால் அறியலாம். ஒரு தண்டு நான்கு வாரங்களில் நான்கு தண்டுகளாகிறது எனக் கொள்வோம். ஆறு சுற்றுகளில், அதாவது 24 வாரங்களில், 4,096 தண்டுகள் கிடைக்க வேண்டும். நடைமுறையில் ஒவ்வொரு சுற்றிலும் பத்தில் ஒரு பங்கு நுண்ணுயிர்த் தொற்றாலோ வளர்ச்சிக் குறைவாலோ கழிந்துவிடுமாயின், ஒரு சுற்றின் பெருக்கம் 3.6 மடங்காகக் குறைகிறது. அப்பொழுது ஆறு சுற்றுகளின் முடிவில் எஞ்சுபவை ஏறத்தாழ 2,177 மட்டுமே. வன்மையாக்குதலில் ஐந்தில் ஒரு பங்கு இறந்தால் விற்பனைக்கு வருபவை ஏறத்தாழ 1,740. சுற்றுக்குப் பத்து விழுக்காடு என்னும் சிறிய இழப்பும் இறுதியில் விளைச்சலை ஏறத்தாழப் பாதியாக்கிவிடுவது கவனிக்கத்தக்கது. ஆய்வகங்கள் தூய்மையில் காட்டும் கடுமைக்கு இதுவே காரணம்.

சில புதர்ச்செடிகள்

* ரோஜா: தமிழகத்தில் எட்வர்ட் ரோஜா போன்ற வேர்ச்செடிகளின் மீது மொட்டுக்கட்டி விரும்பிய வகைகள் பெருக்கப்படுகின்றன. திசு வளர்ப்பு ரோஜா தன் சொந்த வேரிலேயே நிற்கும். தொட்டிகளில் வளர்க்கும் குறு ரோஜாக்களுக்கு இது பொருந்தும். வேர்ச்செடியின் உரம் தேவைப்படும் வயல்வெளி ரோஜாக்களுக்கு மொட்டுக்கட்டுதலே நிலைத்துள்ளது.
* மல்லிகை: குண்டுமல்லி விதையால் பெருக்கப்படுவதில்லை. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கான நாற்றுகள் இராமநாதபுரம் மாவட்டத்தின் தங்கச்சிமடம் பகுதியிலிருந்து பெருமளவில் வருகின்றன. அங்குள்ள மணற்பாங்கான நிலத்தில் தண்டுத் துண்டுகளே நட்டு வேர்விடச் செய்யப்படுகின்றன. தண்டுத் துண்டு எளிதாக வேர்விடும் இடத்தில் ஆய்வகம் அதனோடு விலையில் போட்டியிட இயலாது.
* காகிதப்பூ: ஒரே செடியில் வெண்மையும் செந்நீலமுமாகப் பூக்கும் 'மேரி பாமர்' போன்ற வகைகளில், மரபியல்பு வேறுபட்ட திசுக்கள் ஒரே தண்டில் கலந்து அமைந்துள்ளன. கணுமொட்டு வழியாகப் பெருக்கினால் இக்கலவை பெரும்பாலும் காக்கப்படும். காலஸ் வழியாகப் பெருக்கினால் திசுக்கள் பிரிந்து, ஒரு நிறம் மட்டுமே உடைய செடிகள் தோன்றக்கூடும்.
* ரோடோடெண்ட்ரான்: நீலகிரியில் இயற்கையாக வளரும் காட்டுப்பூவரசு இப்பேரினத்தைச் சேர்ந்ததாகும். மேலைநாடுகளில் இதன் தோட்ட வகைகள் பெருமளவில் திசு வளர்ப்பால் பெருக்கப்படுகின்றன.

நன்மைகள்

* சிறிய இடத்தில், பருவத்தைச் சாராமல், ஆண்டு முழுவதும் பெருக்கலாம்.
* வளர்நுனியை மட்டும் எடுத்து வளர்ப்பதன் மூலம் நச்சுயிரியற்ற செடிகளைப் பெறலாம். வெப்பச் சிகிச்சையுடன் சேர்த்துச் செய்யும்போது பலன் மிகும்.
* மண்ணின்றி வளர்வதால் வேர்ப்பூச்சிகளும் மண்வழி நோய்களும் செடியுடன் பயணம் செய்வதில்லை. நாடுகளுக்கிடையே அனுப்புவது எளிதாகிறது.
* புதிய வகை ஒன்றைச் சில ஆண்டுகளில் சந்தைக்குக் கொண்டுவரலாம்.

குறைகள்

* செலவு மிகுதி. பிரித்து நடும் பணி முழுவதும் கையால் செய்யப்படுவதால் கூலியும், வளர்ப்பு அறையின் ஒளிக்கும் குளிரூட்டலுக்கும் மின்சாரமும் தேவை.
* நீர்கோத்தல்: தண்டுகள் கண்ணாடி போன்று ஒளி ஊடுருவும் தன்மை பெற்று, எளிதில் முறிகின்றன. இவை வன்மையாக்குதலில் பிழைப்பது அரிது.
* உடல நகல் வேறுபாடு: நீண்டகாலம் மீண்டும் மீண்டும் பிரித்து நடும்போது இயல்பு மாறிய செடிகள் தோன்றுகின்றன. பூ மலர்ந்த பின்னரே பல மாற்றங்கள் தெரியவரும்.
* ஒருமைத்தன்மை: எல்லாச் செடிகளும் ஒரே மரபியல்பு உடையனவாதலால், ஒன்றைத் தாக்கும் நோய் அனைத்தையும் தாக்கக்கூடும். தாய்ச்செடியில் மறைந்துள்ள நச்சுயிரியும் ஆயிரக்கணக்கில் பெருக்கப்பட்டுவிடும்.

1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவில், திசு வளர்ப்பில் பெருக்கப்பட்ட ரோடோடெண்ட்ரான் செடிகள் பலவற்றில் தண்டின் அடிப்பகுதியில் கழலை போன்ற திரட்சிகள் காணப்பட்டன. முதலில் இது பாக்டீரியாவால் வரும் கழலை நோய் என ஐயுறப்பட்டு, நாற்றங்கால்காரர்கள் பெரும் கவலைக்குள்ளாயினர். பின்னர் இது தொற்றுநோய் அன்று எனக் கண்டறியப்பட்டது. குடுவையை விட்டு வெளிவந்து ஆண்டுகள் கடந்த பின்னரும் ஆய்வக வாழ்வின் விளைவு செடியில் வெளிப்படலாம் என்பதற்கு இது சான்றாகும்.

இந்தியாவில்

கொச்சியில் 1980களின் பிற்பகுதியில் ஏலக்காய்க்கெனத் தொடங்கப்பட்ட ஆய்வகம் இந்திய வணிகத் திசு வளர்ப்பின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. மைய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 1989-இல் தில்லியிலும் புனேயிலும் நுண்பெருக்கத் தொழில்நுட்பப் பூங்காக்களை ஏற்படுத்த உதவியது. பெங்களூர், புனே ஆகிய நகரங்களில் அழகுச் செடிகளை ஏற்றுமதி செய்யும் நிறுவனங்களும் தோன்றின.

நோயுற்ற தாய்ச்செடியின் நகல்கள் உழவரிடம் சென்றடைவதைத் தடுக்க, 1966-ஆம் ஆண்டின் விதைகள் சட்டத்தின்கீழ் 2006-இல் திசு வளர்ப்புச் செடிகளுக்கான தேசியச் சான்றளிப்பு முறை கொண்டுவரப்பட்டது. இதன்படி ஆய்வகங்கள் அங்கீகாரம் பெறலாம். செடித் தொகுதிகள் நச்சுயிரி இன்மைக்கும் மரபியல்பு ஒப்புமைக்கும் சோதிக்கப்படுகின்றன. செடி வாங்குவோர் இச்சான்று உள்ளதா எனக் கேட்டறிவது நல்லது.

தமிழகக் கடற்கரையில்

தமிழகக் கடற்கரைத் தாவரங்களில் திசு வளர்ப்புக்கு உள்ளான குறிப்பிடத்தக்க இனம் தில்லை ஆகும். இது சதுப்புநிலக் காடுகளில் புதராகவோ சிறுமரமாகவோ வளர்கிறது. சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயர் இதனாலேயே அமைந்தது. அருகிலுள்ள பிச்சாவரத்தில் இன்றும் இதைக் காணலாம். இதில் ஆண், பெண் மரங்கள் தனித்தனியானவை. இதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். சென்னையில் 1988-இல் நிறுவப்பட்ட எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கணுத்துண்டுகளிலிருந்து தில்லையைப் பெருக்கும் முறையை உருவாக்கினர். 1998-இல் இது ஆய்விதழில் வெளியானது. தில்லை அழகுச் செடி அன்று. எனினும், பால் கசியும், கட்டைத்தன்மையுள்ள, உவர்நிலத்துத் தாவரமொன்றையும் குடுவையில் பெருக்க முடியும் என்பதை இது காட்டியது.

திருவள்ளூர் மாவட்டத்தின் வட எல்லையில், பழவேற்காடு ஏரியின் மேற்கே, சென்னை-கொல்கத்தா நெடுஞ்சாலையில் அமைந்துள்ள எளாவூரும் அதனைச் சூழ்ந்த மீனவச் சிற்றூர்களும் இம்முறையின் எல்லையை விளக்க ஏற்ற இடங்களாகும். பழவேற்காடு ஏரி சில்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. இக்கடற்கரையில் தெற்கேயுள்ள மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் நிலத்தடி நீரில் ஊடுருவியிருப்பது 1960களின் இறுதியிலிருந்தே அறியப்பட்ட ஒன்று. குடுவையிலிருந்து வெளிவந்த இளஞ்செடிக்கு உவர்நீர் ஒவ்வாது. மழைநீரைச் சேமித்தோ நன்னீர் கொண்டுவந்தோ ஊற்ற வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காற்றின் ஈரப்பதம் மிகுந்திருப்பது வன்மையாக்குதலுக்கு ஓரளவு துணையாகும். ஆனால் அம்மாதங்களிலேயே புயலும், நாற்றழுகலை உண்டாக்கும் பூஞ்சைகளும் வருகின்றன.

இத்தகைய ஊர்களுக்கு ஆய்வகத்தைவிட இரண்டாம் கட்ட வன்மையாக்குதல் நாற்றங்காலே பொருந்தும். வாழை போன்ற பயிர்களில் ஆய்வகம் நகரில் இயங்க, அங்கிருந்து பெற்ற இளஞ்செடிகளைப் பிற ஊர்களில் நிழல்வலையின் கீழ் வளர்த்து விற்கும் வழக்கம் நடைமுறையில் உள்ளது. இதற்கு நிழல்வலை, நார்க்கழிவு, நன்னீர், நாள்தோறும் கவனிக்கும் ஆள் ஆகியவை போதும்.

தமிழக நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டுகளில் அரளியும் காகிதப்பூவும் பரவலாக நடப்பட்டுள்ளன. வறட்சியையும் உப்பையும் ஓரளவு தாங்கும் இவ்விரண்டும் தண்டுத் துண்டிலிருந்தே எளிதாக வளர்பவை. இவற்றிற்கு ஆய்வகம் தேவையில்லை. ஒரு புதரைத் திசு வளர்ப்பில் பெருக்க எண்ணுவோர், அதன் தண்டுத் துண்டு மணலில் வேர்விடுகிறதா என்பதை முதலில் சோதித்துப் பார்ப்பது செலவை மிச்சப்படுத்தும்.

இவற்றையும் பார்க்க

* தாவர வளரூக்கிகள்
* பதியமிடுதல்
* மொட்டுக்கட்டுதல்
* முழு ஆக்குத்திறன்
* சதுப்புநிலக் காடுகள்
* பழவேற்காடு ஏரி